பயத்தின் நடுவிலே சமாதானம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் பகிர்ந்துகொள்ளப்பட்ட செய்தி)



தர்மபுரி மாவட்டத்தில் நடைபெறும் இந்த ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களை முகமுகமாய்க் காண கர்த்தர் கிருபை செய்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இன்று பயத்தைக் குறித்துப் பேச விரும்புகிறோம். மருத்துவமனையில் வேலை செய்கிற எங்களுக்கு அது பழகிய முகம். காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. பயத்தை அளக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் அதுவும் வந்து உட்காருகிறது.

ஒரு மாலை நேரம். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன ஒரு தாயாரைப் பாம்பு கடித்துவிட்டது என்று தூக்கி வந்தார்கள். என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் செய்கிற ஒரு சோதனை மிகவும் எளிமையானது. சிறிது இரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்போம். இரத்தம் உறைந்திருந்தால் நல்ல அறிகுறி. தண்ணீராய் ஓடினால், விரியன் விஷம் உடலில் ஏறியிருக்கிறது என்று கண்டு விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றுவோம். நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் கண் இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்த 20 நிமிடம் எவ்வளவு நீளமானது என்று காத்திருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்! "நான் பொழைப்பேனா சிஸ்டர்?" என்று அந்தத் தாயார் முதலில் கேட்டார். அடுத்த கேள்வி, "மாட்டை யார் பார்ப்பாங்க?" மூன்றாவது கேள்வியைக் கணவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "பணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" மகன் பெங்களூரில் கட்டிட வேலையில் இருந்தான். இந்த மாவட்டத்தின் அநேக வீடுகளின் கதை அதுதானே!

எங்கள் செவிலியர் சகோதரி ஒருவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. "பயமாத்தான் இருக்கும். நான் இங்கதான் இருக்கேன்" என்றார். 20 நிமிடமும் இருந்தார். இரத்தம் உறைந்திருந்தது. ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பில் வைத்து அனுப்பினோம். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில வேளைகளில் விஷம் இறங்குவதில்லை. அது எங்களுக்குத் தெரியும்; கடிபட்டவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பதே.

பிரியமானவர்களே, வேதத்திலே நாம் காண்கிற சமாதானமும் இப்படிப்பட்டதுதான். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் சீஷருடைய படவு அமிழ்ந்துபோகிற நிலையில் இருந்தது. ஆண்டவர் புயலை அடக்கினதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அடக்குவதற்கு முன்னே, புயல் அடித்துக்கொண்டிருந்தபோதே, அவர் அந்தப் படவில்தான் இருந்தார். கெத்செமனேயை நினைத்துப் பாருங்கள். அங்கே நம் ஆண்டவரே வியாகுலப்பட்டார். அந்த வேளையில் அவர் தம் சிநேகிதரிடத்தில் கேட்டது என்ன? விளக்கம் கேட்கவில்லை, தைரியமான வார்த்தை கேட்கவில்லை. தம்மோடுகூட விழித்திருக்கும்படி கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். ஆகவே, தனியாய்ப் பயப்படுவது எப்படியிருக்கும் என்பதை நம் இரட்சகர் அறிவார்.

இதற்கு நம் மலைப்பகுதியிலே ஒரு சாட்சி உண்டு. தர்மபுரி 1965-ல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு, 1913-ல் திருமணமான ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் இங்கிலாந்திலிருந்து வந்து ஊழியம் செய்தார்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் மலைமக்கள் அவர்கள் மார்க்கத்துக்கு வரவில்லை. மலைக்கோயில் பூசாரி ஒருவர் அவர்களை எதிர்த்து வந்தார்.

1918, 1919 ஆண்டுகளில் விஷக் காய்ச்சல் உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டார்கள். மலையிலும் வீடு வீடாய்ச் சாவு. நோயாளியைத் தொடுவதற்கே ஜனங்கள் அஞ்சினார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தபோது அவர்கள் வீட்டுக்கும் போனார்கள். சாகும் தறுவாயில் இருந்த அந்தத் தகப்பனுக்கு ஒரே ஒரு கவலை: பிள்ளையின் கதி என்ன? தான் எதிர்த்து வந்தவர்கள் கையிலேயே தன் கைக்குழந்தையான மகளை ஒப்புவித்தார். எந்த வாதத்தினாலும் அவருடைய பயம் நீங்கவில்லை. கஞ்சிக் கலயத்தோடு வாசலில் வந்து நின்றவர்களைக் கண்டபோது நீங்கிற்று.

ஆனால் பிராண்ட் குடும்பமும் துன்பத்துக்குத் தப்பவில்லை. 1929-ல் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் மரித்த செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் கைப்பட எழுதிய கடிதம் கப்பலில் போய்ச் சேர்ந்தது! எவலின் அம்மையார் தாய்நாடு திரும்பியபோது, மகன் பால் திகைத்துப்போகும் அளவுக்குத் துக்கத்தினால் தளர்ந்திருந்தார். விசுவாசிக்குத் துக்கம் வராது, நடுக்கம் வராது என்று யார் சொன்னது?

ஆனாலும் அவர் திரும்பி வந்தார். ஓய்வுபெறும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவரோ கல்வராயன் மலைக்கு ஏறினார். நம் சித்தேரிக்கும் சிட்லிங்கிக்கும் கிழக்கே தெரிகிறதே, அந்த மலைத்தொடர்தான். எலும்பு முறிந்தும், மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ப் போனார். 1974-ல், தமது 95-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய டாக்டர் பால் பிராண்ட் அவருடைய மகனே.

இன்னும் ஒரு காரியத்தைச் சொல்லியாகவேண்டும். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, செத்துப்போவேன் போலிருக்கிறது என்று சிலர் வருகிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால் இருதயம் நன்றாக இருக்கிறது. இது பதற்ற நோய். இதற்கு ஆலோசனையும் மருந்தும் உண்டு. ஆனால் சபையிலே, "உனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் பயம்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறோம். இன்சுலின் போட்டுக்கொள்கிற சகோதரனை விசுவாசமில்லாதவன் என்கிறோமா? இல்லையே. அப்படியானால் பயத்தோடு போராடுகிற சகோதரியின்மேல் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்தலாமா? நாங்களும் அறியாமல் அப்படிப் பேசினதுண்டு. கர்த்தர் எங்களுக்கு மன்னிப்பாராக. அவர்களுக்காக ஜெபியுங்கள், மருத்துவரிடம் கூடவே அழைத்துவாருங்கள்.

எல்லாச் சோதனைக் குழாயிலும் இரத்தம் உறைவதில்லை. தாமதமாய் வந்து எங்கள் கண்முன் மரித்தவர்களும் உண்டு. ஆகவே, விசுவாசித்தால் தீங்கே வராது என்று நாங்கள் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டோம். மரண இருளின் பள்ளத்தாக்கிலும் மேய்ப்பர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று மட்டும் சாட்சி சொல்லுகிறோம். அந்த மேய்ப்பருடைய பிரசன்னத்தை ஒரு நோயாளி உணரும்படி, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறதே எங்கள் ஊழியம்.

உங்கள் காணிக்கையும் அந்த ஸ்டூலில்தான் உட்காருகிறது. "பணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு, "முதலில் மருந்து ஏறட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்" என்று நாங்கள் பதில் சொல்ல முடிகிறதென்றால், அது உங்களால்தான். இன்று வீட்டுக்குப் போனபின் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் பயத்தோடு தனித்திருக்கிற ஒருவரை நினைத்து, அவரிடத்தில் போய் 20 நிமிடம் உட்காருங்கள்.

ஜெபிப்போம்: படவிலே எங்களோடு இருந்த ஆண்டவரே, இன்றிரவு எங்கள் வார்டுகளில் தூக்கமில்லாமல் படுத்திருக்கிறவர்களோடு நீர் இரும். விழித்திருக்கிற செவிலியரைப் பலப்படுத்தும். தாங்குகிற கரங்களை ஆசீர்வதியும். ஆமென்.