ஒரு வாக்கில் பெயர் பெற்ற நகரம்



கிரேக்கத் தொன்மங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அது பெருங்கடல், ஒரு மாலைப் பொழுதில் நீந்திக் கடக்க இயலாது. எனவே, ஒரு நகருக்குக் காவல் தெய்வம் எவ்வாறு அமைந்தது என்று கூறும் கதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள்ளும் ஏதென்ஸ் நகரின் கதையிலேயே மிகுதியும் நிற்க விரும்புகிறேன். அக்கதைக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. அவ்வழக்கின் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதன்று.

பங்கீடும் பூசலும்

பண்டைக் கிரேக்கம் ஒரு குடைக்கீழ் அமைந்த நாடன்று. தனித்தனி நகர அரசுகளின் தொகுதி. தெய்வங்கள் அனைவர்க்கும் பொது. ஆயினும் ஒவ்வொரு நகரும் ஏதேனும் ஒரு தெய்வத்தைத் தனக்கே உரியதாகப் போற்றியது. பொதுத் தெய்வம் ஒரு நகருக்கு மட்டும் உரிமையாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகத்தான் தெய்வங்களுக்கிடையே நிகழ்ந்த நிலப் பூசல்களைத் தொன்மங்கள் படைத்துக் காட்டின.

கொரிந்து நகருக்காகக் கடல் தெய்வமாகிய பொசைடனும் கதிரவனாகிய ஹீலியோசும் போட்டியிட்டனர். நடுவனாக வந்த பிரியாரியோஸ் நிலத்தைக் கூறிட்டான்: இரு கடல்களுக்கு இடைப்பட்ட குறுகிய நிலம் பொசைடனுக்கு, நகருக்கு மேல் ஓங்கி நிற்கும் குன்று கதிரவனுக்கு. ஆர்கோஸ் நகருக்காக ஹீராவும் பொசைடனும் வழக்காடியபோது ஆற்றுத் தெய்வங்கள் ஹீராவின் பக்கம் தீர்ப்புரைத்தன. சினந்த பொசைடன் அவ்வாறுகளின் நீரையே வற்றச் செய்தான். அந்நாட்டு ஆறுகள் கோடையில் வறண்டு கிடப்பதற்கு இதுவே காரணம் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுதும் சுற்றிவந்த பாசனியாஸ் எழுதுகிறார்.

குன்றும் கரையும் வறண்ட ஆறும் இக்கதைகளில் சான்றுகளாகி நிற்கின்றன. கதையை ஐயுறுபவன் தன் ஊரையே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். தொன்மத்தின் வலிமை அது.

உவர்நீரும் ஒலிவமும்

இனி ஏதென்சுக்கு வருவோம். அங்குக் கெக்ரோப்ஸ் என்பவன் முதல் மன்னன். இடைக்குக் கீழே பாம்புடல் கொண்டவன். அவன் காலத்தில் பொசைடன் வந்து அக்ரோபோலிஸ் குன்றின் பாறையைத் தன் முத்தலைச் சூலத்தால் குத்தினான். உவர்நீர் பீறிட்டது. பின்னர் வந்த அதீனா ஓர் ஒலிவ மரத்தை நட்டாள். நகர் அதீனாவுக்கே என்று பன்னிரு தெய்வங்கள் தீர்ப்பளித்தன. பொசைடன் சமவெளியை வெள்ளத்தில் ஆழ்த்தினான். அப்பல்லோடோரசின் பெயரால் வழங்கும் தொன்மத் தொகுப்பு இவ்வாறு கூறுகிறது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தோற்ற தெய்வத்தை ஏதென்ஸ் துரத்திவிடவில்லை. குன்றின்மேல் எரெக்தியோன் கோயிலில் பொசைடனுக்கும் வழிபாடு இருந்தது. அங்கிருந்த உவர்நீர்க் கிணற்றில் தென்றிசைக் காற்று வீசும்போது அலையோசை எழும் என்பது பாசனியாசின் குறிப்பு. அதீனாவின் பூசகியும் பொசைடனின் பூசகரும் ஒரே குலத்திலிருந்து வந்தனர். இரு தெய்வங்களும் பூசலிட்ட நாளாகிய, போய்ட்ரோமியோன் மாதத்தின் இரண்டாம் நாளை ஏதெனியர் தம் நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டனர் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். பூசலை மறப்பதற்காக ஒரு நாளையே இழக்க முன்வந்த நகர் அது.

ஒலிவ மரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 480இல் பாரசீகர் படையெடுத்து வந்தபோது, அக்ரோபோலிசைக் காத்த பாம்பு தனக்குப் படைக்கப்பட்ட தேனப்பத்தை உண்ணவில்லை என்று பூசகி அறிவித்தாள். தெய்வமே குன்றை நீங்கியது எனக் கருதிய மக்கள் நகரை விட்டு வெளியேற மேலும் விரைந்தனர். பாரசீகர் கோயிலுக்குத் தீ வைத்தனர், மரமும் எரிந்தது. மறுநாள் வழிபடச் சென்றோர், கரிந்த அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தளிர் எழுந்திருக்கக் கண்டனர் என்று ஹெரோடோட்டஸ் பதிவு செய்துள்ளார். தெய்வம் நீங்கியது என்று அஞ்சிய மக்களுக்கு அத்தளிர் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்!

எண்ணப்பட்ட வாக்குகள்

இக்கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. உரோம அறிஞர் வர்ரோ கூறியதாக, கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகஸ்டீன் தம் ‘கடவுளின் நகர்’ என்னும் நூலில் அதை எடுத்துரைக்கிறார். அதன்படி, நகருக்கு எவர் பெயரை இடுவது என்று முடிவு செய்தவர்கள் குடிமக்கள். அந்நாளில் பெண்களும் அவையில் வாக்களித்தனர். ஆண்கள் அனைவரும் பொசைடனுக்கு வாக்களித்தனர். பெண்கள் அனைவரும் அதீனாவுக்கு. பெண்கள் எண்ணிக்கையில் ஒருவர் மிகுந்திருந்தனர். அந்த ஒரு வாக்கில் அதீனா வென்றாள்.

பொசைடன் சினந்தான், வெள்ளம் வந்தது. அவன் சினத்தைத் தணிக்க ஆண்கள் பெண்களுக்கு மூன்று தண்டனைகளை விதித்தனர். இனி அவர்களுக்கு வாக்கில்லை. பிள்ளைகள் தாயின் பெயரைத் தாங்கலாகாது. பெண்களை ஏதெனியர் என்று எவரும் அழைக்கலாகாது. தம் வாக்கால் நகருக்குப் பெயர் ஈட்டித் தந்தவர்களுக்கு அப்பெயரே மறுக்கப்பட்டது. தனக்கு வாக்களித்தவர்களைக் காக்க அதீனாவும் வரவில்லை என்று அகஸ்டீன் சுட்டிக்காட்டுகிறார். பழைய தெய்வங்களைக் குறைகூற வந்தவர் அவர். எனினும் அவர் கண்ட குறை மெய்யானது.

1861இல் பாகோஃபென் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இதனை ஒரு காலத்துத் தாயுரிமைச் சமுதாயத்தின் சான்றாகக் கொண்டார். அவ்வாறு கொள்ள வரலாற்றுச் சான்று போதாது. நிலவிய நடைமுறைக்குக் காரணம் கற்பிக்கப் பிறந்த கதை என்பதே பொருத்தம். ஏதென்ஸின் மக்களவையில் பெண்களுக்கு இடமில்லை. ஆண்மகனின் பெயரோடு தந்தையின் பெயரே சேர்ந்தது. பெண்களை அம்மொழி பெரும்பாலும் ‘அட்டிகா நாட்டுப் பெண்’ என்று குறித்ததேயன்றி ‘ஏதெனியள்’ என்று குறிக்கவில்லை. இதனைப் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் லொரோ 1981இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆயினும் பாருங்கள்! உரிமை பறிப்பை நியாயப்படுத்த எழுந்த கதை, அவ்வுரிமை முன்பு இருந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வாக்குகளை எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் அறிவின்றி வாக்களித்தனர் என்று கதை சொல்லவில்லை. அவர்கள் தேர்ந்தது ஒலிவத்தை; நகரை நெடுங்காலம் ஊட்டி வளர்த்த மரத்தை. அவர்கள் செய்த குற்றம் வென்றது ஒன்றுதான்.

தெய்வத்தின் வாக்கு

கி.மு. 458இல் அரங்கேறிய ‘யூமெனிடிஸ்’ நாடகத்தில் ஈஸ்கிலஸ் அதீனாவின் கையிலேயே ஒரு வாக்கைத் தருகிறார். தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸின் வழக்கு அது. தான் தாயின்றிப் பிறந்தவள் என்பதைக் காரணமாக உரைத்து, அதீனா அவனுக்கே வாக்களிக்கிறாள். வாக்குகள் சமமாக, அவன் விடுதலை பெறுகிறான். தாயின் பொருட்டு வழக்குரைத்த பழிவாங்கும் தேவியர் நிலத்தை மலடாக்குவோம் எனச் சீறுகின்றனர். அதீனா அவர்களைத் தண்டிக்கவில்லை. பொறுமையோடு மீண்டும் மீண்டும் பேசி, நகருக்குள்ளேயே அவர்களுக்கு உறைவிடமும் வழிபாடும் தருகிறாள்.

தோற்ற பொசைடனுக்குக் கோயில் கிடைத்தது. தோற்ற தேவியருக்கு உறைவிடம் கிடைத்தது. வென்ற பெண்களுக்கு? அதீனாவுக்கு ஆடை நெய்யும் பணியும் பூசகியாகும் பேறும் அவர்களுக்கு இருந்தன. லிசிமாக்கே என்பவள் 64 ஆண்டுகள் அப்பூசகியாக விளங்கினாள் என்று பிளினி குறிக்கிறார். அவை சிறிய பெருமைகள் அல்ல. ஆனால் அவையில் இடம் வேறு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைக் கிரேக்கப் பெண்கள் பெற்றது 1952இல்தான்.

கவிஞர் பெருமக்களே! தொன்மங்களை எடுத்தாளும்போது நாம் பெரும்பாலும் வென்ற தெய்வத்தையும் அதன் படைக்கலத்தையும் பாடுகிறோம். அதீனாவின் ஈட்டியும் கேடயமும் பாட்டுக்கு எளிதில் வரும். அந்த அவையில் கடைசியாக விழுந்த ஒரு வாக்கை இட்டவள் யார்? கதையில் அவளுக்குப் பெயரில்லை. அவளை ஏதெனியள் என்று அழைக்க அந்நகரின் சட்டம் இடந்தரவில்லை. கவிதைக்கு அச்சட்டம் இல்லை. உங்களுள் ஒருவர் அவளை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.