ஃபைல் இல்லையா, இல்ல தெரியலையா?

இன்னிக்குப் பேசப்போறது ஒரே ஒரு வரி ஷெல் ஸ்கிரிப்ட் பத்தி. அந்த ஒரு வரி என்னை ஒரு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்க வச்சது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்ககிட்ட ரெண்டு சர்வர். முதல் சர்வர் காலையில 9 மணிக்கு, பில் கட்டச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அனுப்பி முடிச்சதும் அன்னிக்குத் தேதியைப் பேரா வச்சு ஒரு காலி ஃபைலைப் போட்டு வைக்கும். ரெண்டாவது சர்வர் 10 மணிக்கு அந்த ஃபைல் இருக்கான்னு எட்டிப் பார்க்கும். இருந்தா சும்மா இருக்கும். இல்லைன்னா, தானே எல்லாருக்கும் அனுப்பிடும். அந்த எட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்டை எழுதினது நான்தான்.

ரொம்ப எளிமையா எழுதியிருந்தேன். எஸ்எஸ்ஹெச், சர்வர் பேர், அப்புறம் டெஸ்ட் மைனஸ் எஃப், ஃபைலோட முழுப் பாதை. ஒரு இஃப், ஒரு எல்ஸ். அவ்வளவுதான். மூணு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு நாள் சரியா 10 மணிக்கு, ரெண்டு சர்வருக்கும் நடுவுல நெட்வொர்க் போச்சு. என் ஸ்கிரிப்ட் ‘ஃபைல் இல்லை’ன்னு முடிவு பண்ணி, எல்லாருக்கும் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிடுச்சு. ஒன்பதரைக்கே பணம் கட்டினவங்க, ‘நாங்க கட்டினது வந்து சேரலையா?’ன்னு பதறிப்போய் ஃபோன் பண்ணாங்க. சிலர் ரெண்டாவது தடவையும் கட்டிட்டாங்க.

தப்பு எங்கே? பக்கத்து வீட்ல அக்கா இருக்காங்களான்னு பார்த்துட்டு வரச் சொல்லி தம்பியை அனுப்புறீங்க. தெருவுல நாய் நிக்குதுன்னு அவன் பாதியிலேயே திரும்பி வந்துட்டான். அப்போ அக்கா வீட்ல இல்லைன்னு அர்த்தமா? தெரியலைன்னுதானே அர்த்தம்!

எஸ்எஸ்ஹெச் இந்த வித்தியாசத்தை நமக்குச் சொல்லத்தான் செய்யுது. நாமதான் கேட்கிறதில்லை. அந்தப் பக்கம் ஓடின கமாண்ட் என்ன எண்ணைத் திருப்பிக் கொடுக்குதோ, அதையே அப்படியே நம்மகிட்ட கொடுக்கும். ஃபைல் இருந்தா 0. இல்லைன்னா 1. ஆனா எஸ்எஸ்ஹெச்சே தோத்துப்போனா, அதாவது இணைப்பு கிடைக்கலை, சாவி ஒத்துப்போகலைன்னா, 255 வரும். ஸ்கிரிப்ட்ல வெறும் இஃப், எல்ஸ் போட்டா, 1, 255 ரெண்டும் ஒரே எல்ஸ்ல போய் விழும். என் கதை அதுதான்.

அதனால கமாண்ட் முடிஞ்ச உடனே டாலர் கேள்விக்குறியை ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுக்கோங்க. நடுவுல ஒரு எக்கோ போட்டாக்கூட அந்த எண் மாறிடும். அப்புறம் கேஸ் போட்டு மூணு வழியாப் பிரிங்க: 0 வந்தா இருக்கு, 1 வந்தா இல்லை, வேற எது வந்தாலும் எதையும் செய்யாம ஒரு மனுஷனைக் கூப்பிடு.

இன்னும் சில விஷயம். கிரான்ல ஓடுற ஸ்கிரிப்டுக்கு பாஸ்வேர்ட் அடிச்சுக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால பேட்ச்மோட் எஸ்னு போடுங்க, கேள்வி கேட்டுட்டு நிக்காது. கனெக்ட்டைம்அவுட் 10னு வச்சா, செத்துப்போன மெஷினுக்காக நிமிஷக் கணக்குல காத்திருக்காது.

வொயில் ரீட் லூப் வச்சு இருபது சர்வரைப் பார்க்கிறீங்களா? முதல் சர்வரோட நின்னுடும், எரரும் காட்டாது. ஏன்னா லூப் படிக்க வேண்டிய மீதி லிஸ்டை எஸ்எஸ்ஹெச் உள்ளே இழுத்துக்கும். மைனஸ் என் சேர்த்தா சரியாயிடும்.

1 வந்தாலும் ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த ஃபோல்டருக்குள்ள போக உங்க யூசருக்கு அனுமதி இல்லைன்னா, ஃபைல் இருந்தாலும் டெஸ்ட் 1தான் சொல்லும். அங்கேயும் ‘இல்லை’ங்கிறது உண்மையில ‘என்னால பார்க்க முடியலை’.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உங்க ஸ்கிரிப்ட் ஒண்ணைத் திறந்து, அதோட எல்ஸை மட்டும் படிச்சுப் பாருங்க. அங்கே ஏதாவது அனுப்புதா, அழிக்குதா? அப்படின்னா நெட்வொர்க்கைத் துண்டிச்சுட்டு, டெஸ்ட் மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. வாடிக்கையாளர் ஃபோன் பண்ணிச் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே தெரிஞ்சுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.