மூச்சு விடும் வேர்கள்



மும்பை ஆண்டாப் ஹில்லின் அரசு ஊழியர் குடியிருப்புகளில் வாழும் தமிழர் நம்மில் பலர். அங்கிருந்து கிழக்கே, வடாலாவின் பழைய உப்பளப் பகுதியைக் கடந்தால் கடற்கழியின் சேற்று நிலம் வருகிறது. நீர் வடிந்த வேளையில் அங்கே ஒரு விந்தையைக் காணலாம். மரங்களைச் சுற்றிலும் சேற்றினின்று ஆயிரக்கணக்கான குச்சிகள் விரல் பருமனில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. அவை முளைக்கும் செடிகள் அல்ல, வேர்கள். மண்ணுக்குள் இறங்க வேண்டிய வேர் வானை நோக்கி எழுவது ஏன்? அதற்கு விடை காண, சுவாசம் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும்.

உயிருள்ள ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் உணவிலிருந்து ஆற்றலைப் பெறப் பிராணவாயுவை நாடுகிறது. கழிவாகிய கரியமிலவாயுவை வெளியேற்றுகிறது. பூஜை அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் கூடம் வரையில் பரவுவதைப் போல, வாயுக்கள் மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்திற்குத் தாமே பரவுகின்றன. இவ்வாறு பரவுவதற்கு மெல்லிய, ஈரமான, பரந்த ஒரு சவ்வு தேவை.

நமது நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் ஆகும். நம்மில் பலர் குடியிருக்கும் வீட்டின் தரையைக் காட்டிலும் பெரிது! காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரோ தலைமயிரின் தடிப்பில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 16 பங்கு. இந்த வேறுபாட்டில்தான் நம் வாழ்வு நடைபெறுகிறது.

மீன்களின் நிலை கடினமானது. காற்றிலுள்ள பிராணவாயுவில் முப்பதில் ஒரு பங்குகூடத் தண்ணீரில் இல்லை. ஆகவே அவற்றின் செவுள்களில் நீர் ஒரு திசையிலும் இரத்தம் எதிர்த் திசையிலும் ஓடி, கிடைப்பதைப் பெரும்பாலும் கவர்ந்துகொள்கின்றன. மண்புழுவுக்கு ஈரத் தோலே நுரையீரல். தாவரங்களுக்கு இலைத்துளைகள் உண்டு. வேர்களும் மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன.

ஆனால் கழியின் சேற்றில் காற்றுக்கு இடமேது? அங்கு வாழும் கண்டல் மரம், வேரையே மேலே அனுப்பிக் காற்றைத் தேடுகிறது. மராத்தியர் ‘திவர்’ என வழங்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் இவையே. அவற்றின் பட்டையில் நுண்ணிய துளைகள் உள்ளன. வெள்ளம் ஏறுகையில் அத்துளைகள் நீரை உட்புக விடுவதில்லை. உள்ளிருக்கும் பிராணவாயு செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்ததும் புதிய காற்று உள்ளே விரைகிறது. கடலின் ஏற்றவற்றமே மரத்தின் மூச்சாக அமைகிறது!

1955-இல் ஷோலாண்டர் என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் மற்றொரு வகைக் கண்டல் மரத்தில் இதனைச் சோதித்தனர். வேரின் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்ததும், சேற்றிலுள்ள வேர்ப்பகுதியில் பிராணவாயு விரைவில் அற்றுப்போகும் நிலையை எய்தியது.

அந்தச் சோதனையை நம் நகரம் வேறு விதமாகச் செய்து வருகிறது. 2010 ஆகஸ்டில் மும்பைக்கு அருகே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய் கண்டல் மரங்களில் படிந்தது. கட்டட இடிபாடுகளைக் கழியோரம் கொட்டும்போதும் மூச்சுவேர்கள் புதைகின்றன. கோடரி படாமலே மரம் மூச்சுத் திணறி மாய்கிறது. கண்டற்காடுகளை அழிப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமைக்கு முரணானதென 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது, காணும் கண்களும் வேண்டும்.

கண்டல் நமக்கு அந்நியமன்று. நெய்தல் நிலத்து மரத்தின் பழந்தமிழ்ப் பெயர் அது. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லையும் பிச்சாவரத்தில் வளரும் இவ்வினத்து மரத்தின் பெயரே. அலையின் வேகத்தை ஆற்றும் காட்டை அலையாத்திக் காடு என்றனர் நம் மக்கள். வீடு புதுப்பிக்கும் நேயர்கள், இடித்த கல்லும் மண்ணும் எங்கே போய்ச் சேருகின்றன என்று ஒப்பந்தக்காரரை ஒருமுறை கேட்பார்களாக. அக்கேள்வி சில வேர்களுக்கேனும் மூச்சளிக்கும்.