குறுவை அல்ல, சம்பா



பார்க்கிறவர்கள் எல்லாரும், "நாவல் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றுதான் கேட்கிறீர்கள். இருபத்தைந்து அத்தியாயத்தில் பதினேழு முடிந்தது. இது நூறு, நூற்றிப்பத்து நாளில் அறுக்கிற குறுவை இல்லீங்க, சம்பா. தை வரைக்கும் பொறுக்க வேண்டும்.

"பதிப்பகம் கிடைக்கலேன்னா?" என்கிறாள் வீட்டுக்காரி. முந்தைய இரண்டைப் போல இதையும் சொந்தக் காசில்தான் அச்சடிப்பேன். விற்காத பிரதிகள் பரணில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

நம் கும்பகோணம் கல்லூரியில் படித்த எம்.வி.வெங்கட்ராம், சரிகை வியாபாரத்தில் வந்த பணத்தைப் போட்டு 'தேனீ' பத்திரிகை நடத்தினார். பத்திரிகை நிலைக்கவில்லை. அவர் எழுத்து நின்றதா? எழுபதைத் தாண்டிய பிறகு, 1993-இல், 'காதுகள்' நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது.

சமீபத்தில் மனசுக்குப் பிடித்தது, 2024-இல் வந்த 'மெய்யழகன்' படம். தஞ்சாவூரை விட்டுப் போனவர் ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். பெரும்பகுதி ராத்திரிப் பேச்சுதான். நம்ம ஊர்ப் பேச்சே ஒரு கதையைத் தாங்கும் என்று தெம்பு வந்தது. அன்றிரவே பதினெட்டாவது அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

புத்தகம் வந்ததும் ஆளுக்கொரு பிரதி வாங்குங்கள். பரணில் இடமில்லை!