படம் பார்ப்பதும் படிப்புத்தான்

(வாசிப்பு மாதத்தையொட்டி, மாத்தளை மாவட்டத் தோட்டக் கமிட்டிகளின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலைநாள், காணி, வீடு என்று பேசுகிற மேடையில் இன்று பிள்ளைகளின் படப்புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று இரண்டொருவர் கேட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லயத்துப் பக்கம் போனால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "இவன் எங்கங்க படிக்கிறான், படத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்பார்கள். இதைச் சொல்லும் தாய் காலையில் கொழுந்து மலைக்கோ, இறப்பர் பால் வெட்டவோ போய்விட்டு, சாயந்தரம் இடுப்பு ஒடிய வருகிறவர். பிள்ளை நாலெழுத்துப் படித்து முன்னேற வேண்டும் என்ற கவலைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

படத்தைப் பார்த்துக் கதை அறிவது நமக்கு என்ன புதுசா? மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் 108 அடி. மாசி மகத்துக்குப் பஞ்சரதம் பார்க்கப் போகும்போது, தோளில் இருக்கிற பிள்ளை கோபுரத்தைக் காட்டி, "அது யாரு, ஏன் அவருக்கு இத்தனை கை?" என்று கேட்கும். அம்மாயி உடனே ஒரு கதை சொல்வார். அந்த அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருக்கலாம். இருந்தாலும் கோபுரத்தைப் படித்துக் காட்டிவிட்டார். பக்கத்தில் அலுவிகாரையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தரின் போதனைகளை முதன்முதலில் ஏட்டில் எழுதி வைத்த இடம் என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். அதே இடத்துக் குகைச் சுவரில்தான் நரகத்துத் தண்டனைகளைப் படம் படமாகத் தீட்டியும் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வந்த பிள்ளைகளிடம் கேளுங்கள், ஏடு மறந்திருக்கும், அந்தப் படங்கள் மறந்திருக்காது. காமன் கூத்து ஆடிய சனம் நாம். கண்ணால் பார்த்துக் கதை பிடிப்பது நம் ரத்தத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு சிறு புத்தகத்தைப் பார்ப்போம். சிபில் வெத்தசிங்ஹ என்ற அம்மையார் எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா', குடைத் திருடன் கதை. 1927 இல் பிறந்து 2020 இல் மறைந்தவர் அவர், நம் நாட்டுச் சிறுவர் இலக்கியத்தில் பெரிய பெயர். குடையே இல்லாத ஒரு கிராமம். கிரி மாமா டவுனுக்குப் போய்க் குடையைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்று வாங்கி வருகிறார். வழியில் கோப்பி குடிக்கப் போன நேரத்தில் குடை காணாமல் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடி போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே போனால், காட்டில் ஒரு மரம் நிறையக் குடைகள் தொங்குகின்றன! திருடியது ஒரு குரங்கு.

இந்தப் புத்தகம் சிங்களத்தில் கிடைத்தால், "நமக்குத் தெரியாத பாஷை" என்று தள்ளி வைக்க வேண்டாம். கடதாசித் துண்டு சிந்திக் கிடப்பதற்குப் பாஷை ஏது? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க பாரு, குடைய எங்க வச்சிட்டுப் போறாரு? யாரு எடுத்திருப்பா?" என்று தமிழில் கேட்கலாம். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கேட்க வேண்டும், அதுதான் இதில் உள்ள சூட்சுமம். பிள்ளை ஒரு பதில் சொல்லும், தப்பாகவே சொல்லும், பிறகு தானே திருப்பிப் பார்த்து, "ஐயோ, குரங்கு!" என்று சிரிக்கும். எழுத்துத் தெரியாத தாயும் தகப்பனும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய ஒரே புத்தகம் படப்புத்தகம்தான். "நான் படிக்காதவ, எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார் ஆயிரம் பேர் நம் மலைகளில் இருக்கிறார்கள். இன்று பேச வந்ததே அவர்களை மனதில் வைத்துத்தான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை, கொமிக்ஸ். இதற்கும் வீட்டில் எதிர்ப்பு உண்டு. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த தோழர்களைக் கேட்டால் தெரியும், எத்தனை பேர் அம்புலிமாமாவில் எழுத்துக் கூட்டக் கற்றார்கள் என்று. அது 1947 யூலையில் தொடங்கிய பத்திரிகை. வேதாளத்தைத் தோளில் போட்டு விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தச் சங்கரின் படத்தை யார்தான் மறப்பார்? 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து கொமிக்ஸ் வந்தது, முதல் கதை இரும்புக்கை மாயாவி. 1984 இல் லயன் கொமிக்ஸ். மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். மின்சாரமே வராத லயத்தில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் அந்தக் கதையைப் படித்தவர்கள் நம்மவர்கள்! அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமே என்ற அவதியில் எழுத்து தானாக ஓடி வந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அவற்றில் பல வெறும் அடிதடி. நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கும், கடையில் மரக்கறி வாங்குகிற மாதிரிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்து எடுக்க வேண்டிய ஒன்று 'பீமாயணம்'. 2011 இல் இந்தியாவில் ஆங்கிலத்தில் வந்து, பிறகு தமிழிலும் வந்தது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் படநூல். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற தம்பதி. மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் பழங்குடி மரபில் வந்த ஓவியர்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து வரைவது தங்கள் வழக்கமில்லை என்று, பக்கம் முழுக்கப் படத்தைப் பரவ விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்த சிறுவன் பீமன் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தொண்டை காய்ந்தபடி வீட்டுக்குப் போக வேண்டும். வளர்ந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிறகும் பரோடாவில் தங்க ஓர் அறை இல்லை, சாதி தெரிந்ததும் வெளியே துரத்தினார்கள். 1927 இல் மகாத் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளியதும் அதில் வருகிறது.

பேச்சை அவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் தெரியுமா? கொமிக்ஸில் பேச்சு ஒரு குமிழுக்குள் இருக்கும் அல்லவா? இதில் அன்பான பேச்சும் பாதிக்கப்பட்டவர் பேச்சும் பறவை வடிவத்தில் இருக்கும். மனதைப் புண்படுத்தும் பேச்சுக்குத் தேள்கொடுக்கு வைத்திருக்கிறார்கள். மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். எழுத்தை வாசிக்கும் முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், கொட்ட வருகிறது என்று. பீலிக்கரையில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, யார் எந்த லயத்தில் இருப்பது என்று பாட்டன் காலத்தில் நடந்ததை நாம் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. வெட்கமாக இருக்கிறது, அல்லது ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைக்கிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு இந்தப் புத்தகத்தைச் சேர்ந்து புரட்டினால் அந்தப் பேச்சு தானாக வரும். "உங்ககிட்ட யாரும் தேள்கொடுக்கு வச்சுப் பேசியிருக்காங்களா?" என்று அந்தப் பிள்ளை உங்களையே திருப்பிக் கேட்கும். பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

இதைவிடக் கனமானவையும் உண்டு. ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபியின் படக்கதையில் சிறையும் சித்திரவதையும் வருகிறது, யூதர்களின் கொலை முகாம்களைச் சொல்லும் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992 இல் புலிட்சர் விசேட விருது பெற்றது. இவற்றை ஓ.எல். வயதுக்கு முன் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். படம் என்றாலே சின்னப் பிள்ளைக்கு என்று நினைத்து எட்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டிவிடக்கூடாது.

இனி நம் கதைக்கு வருவோம். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் ஆட்களைப் பறிகொடுத்து, நம் முன்னோர் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 2023 இல் மலையகம் 200 நடைபயணம் யூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12 இல் இங்கேதான் முடிந்தது. வழியில் சேர்ந்து நடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அந்தப் பாதையைவிடப் படமாக வரைய வேறென்ன வேண்டும்? ஆனால் நம் பிள்ளை கையில் கிடைக்கும் படப்புத்தகங்களில் மாடி வீடு இருக்கிறது, காரும் இருக்கிறது. லயமும் கூடையும் பிள்ளைக்காம்பராவும் எத்தனையில் இருக்கின்றன? தன் வீட்டைப் புத்தகத்தில் காணாத பிள்ளை, புத்தகம் வேறு யாருக்கோ உரியது என்றுதான் நினைக்கும்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நாலு கட்டம் போட்டு, தாத்தாவிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வரையச் சொல்லுங்கள். முதல் வேலைநாள், மண்சரிவு வந்த இரவு, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு ரயிலேறிப் போன சித்தப்பா, எதுவானாலும் சரி. படம் கோணலாக இருக்கட்டும். தாத்தா சொன்ன வார்த்தையைத்தான் குமிழுக்குள் எழுத வேண்டும், ரீச்சர் திருத்திய வார்த்தையை அல்ல.

சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, இதோ. ஒரு நல்ல படப்புத்தகத்தின் விலை சில வேளை அரைப்பேரைத் தாண்டிவிடும். தனியே வாங்கு என்று எந்தத் தாயிடமும் சொல்ல மாட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு புத்தகத் தட்டு வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் எழுத்தில் கேட்கப் போகிறோம். பூட்டிய அலுமாரி வேண்டாம், கிழியும் என்று பயந்து பூட்டிய புத்தகம் யாருக்கும் உதவாது. அதுவரை கையில் இருக்கும் போனைப் பயன்படுத்தலாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், சிங்களத்திலும் உண்டு. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள், சின்னவர்களுக்கு முதற்படியில் தொடங்குங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் டேட்டா செலவில்லை.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு கணக்கு கொண்டு வாருங்கள். உங்கள் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் எத்தனை பிள்ளைகள், இப்போது எத்தனை புத்தகங்கள். வரைந்த கலண்டர் தாள்கள் இருந்தால் அவற்றையும் மடிக்காமல் சுருட்டிக் கொண்டு வாருங்கள், இந்தப் பத்திரிகையில் போட இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.