காது மந்தமும் இரத்தப் பரீட்சையும்



ஒருவனுக்குக் காது கேளாமற் போனால் நம்மவர்கள் முதலில் சொல்லுவது "தலைவிதி" என்பதுதான். விதியென்று சொல்லிவிட்டால் பிறகு காரணம் தேட வேண்டியதில்லையல்லவா?

ஆனால் காரணம் தேடியவர்களும் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலை டாக்டர் மெக்கேப் என்பவர், காது மங்கிக்கொண்டே போன 18 பேரைப்பற்றி 1979-ம் வருஷத்தில் எழுதினார். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே தன் சொந்த உட்காதைத் தாக்குகின்றது என்பது அவர் கொண்ட முடிவு. இவ்வியாதியில் பெரும்பாலும் இரண்டு காதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கெட்டுப்போகும். அக்காவலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் காலத்தில் கொடுத்தால் பலருக்குக் கேட்கும் சக்தி திரும்புகின்றது.

இவ்வியாதிதான் என்று நிச்சயிப்பது எப்படி? உட்காதில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்க முடியாது. வெட்டினால் மீதியிருப்பதும் போய்விடும். ஆகவே இரத்தத்தில் தேடினார்கள். 1990-ல் ஹாரிஸ், ஷார்ப் என்ற இருவர், மாட்டின் உட்காதுப் புரதங்களோடு நோயாளிகளின் இரத்தநீரைச் சேர்த்துப் பார்த்து, 68,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் சிலரிடம் இருக்கக் கண்டார்கள். அதுவே பின்னர் விலைக்குக் கிடைக்கும் பரீட்சையுமாயிற்று.

தோழர்களே! பூசாரி வாக்கை நம்பாத நாம், பரீட்சைக் காகிதத்தை மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வியாதியுள்ளவர்களில் எத்தனை பேரை அது விட்டுவிடுகின்றது? வியாதியில்லாதவர்களில் எத்தனை பேரைக் குற்றஞ்சாட்டுகின்றது? திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனைக் காட்டும் சாட்சியைக் கோர்ட்டு ஒப்புமா? இந்தப் பரீட்சை இரண்டு தவறையும் செய்கின்றது. மருந்தினால் குணமடைந்தவர்களிலேயே பலருக்கு அந்த எதிர்ப்பொருள் தென்படவில்லை. சுகமாயிருப்பவர் சிலருக்குத் தென்பட்டது.

மருந்துக்கும் இதே நியாயந்தான். ஸ்டீராய்டினால் திரும்பிய சக்தியை மெத்தோட்ரெக்ஸேட் காப்பாற்றுமென்று டாக்டர்களே நம்பியிருந்தார்கள். 67 பேரிடம் சோதித்ததில் வெறும் மாத்திரையைவிட அது மேலல்லவென்று 2003-ல் வெளியாயிற்று. தங்கள் நம்பிக்கை பொய்த்ததைத் தாங்களே அச்சிட்டுச் சொன்னார்களே, அதுதான் விஞ்ஞானம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்: காது மங்கினால் நேர்த்திக்கடனுக்கும் காத்திராதீர்கள், காகிதத்துக்கும் காத்திராதீர்கள். உடனே காது டாக்டரிடம் போய்க் கேட்கும் சக்தியை அளந்து பாருங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கடையில் வாங்கித் தின்னாதீர்கள். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் அரிக்கும். "இரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று யாராவது திருப்பியனுப்பினால், "அதனால் வியாதியில்லை என்று ஆகுமா?" என்று கேளுங்கள். கேள்வி கேட்கத் தயங்கிய நாட்களில் போன காது பிறகு திரும்பாது.