கார்டு வாங்கப் போகும் தோழர்களுக்கு

(திண்டுக்கல்லில் மாணவர்களுக்கான ஆவணப்படப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஒளியைப் பற்றிப் பேசினார்கள். யாருடைய கண் வழியாகச் சேரியைப் பார்க்கிறோம் என்கிற அரசியலைப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு. மெமரி கார்டு. கவிதை எழுதுகிறவனை, அதுவும் பேங்கில் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறவனை இதுக்கு ஏன் கூப்பிட்டாங்கன்னு சிலர் யோசிக்கலாம். கார்டால் கெட்டவன் நான். அதுதான் தகுதி.

நம்ம ஊர் தோல் ஷாப்புகளைப் பற்றிப் படம் எடுக்க நாலு பேர் கிளம்பினோம். டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு (2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) அந்தச் சுண்ணாம்புக் குழிகள் தெரியும். 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னபோது அதில் 'திண்டுக்கல் அண்ணா மாவட்டம்' என்று நம் பெயரும் இருந்தது. ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். கெட்டுப்போன தண்ணீர் அந்த வழக்கில் பேசப்பட்டது, சரி. குழிக்குள் இறங்கி நின்ற கால்களை யார் பேசுவது? அதற்காகத்தான் நாற்பது வருஷம் குழியில் நின்ற ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். முதலில் பேச மாட்டேன் என்றார். அப்புறம் ரெண்டு மணி நேரம் பேசினார். கூலி, கங்காணி, விரல் இடுக்குப் புண், டீக்கடையில் தள்ளி நிற்கச் சொன்னது, எல்லாம். அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத பேச்சு.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் ஓடியது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முதல் நாற்பது நிமிடம் ஓடுகிறது. அதற்கப்புறம் பைல் பெயர் இருக்கிறது, அளவு காட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி போய் எடுத்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ரெண்டு மாசத்தில் அவர் இறந்துபோனார். காரியத்தன்று அவர் மகள் கேட்டார்: "அண்ணே, அப்பா பேசுனத ஒருக்கா போட்டுக் காட்டுங்கண்ணே." முதல் நாற்பது நிமிடத்தில் அவர் தன் ஊரையும் மாட்டையும் பற்றித்தான் பேசியிருந்தார். ஷாப்புக்குள் நுழையவே இல்லை.

நடந்தது என்னவென்றால், அது கள்ளக் கார்டு. மேலே 256 ஜிபி என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்த சில்லு 32 ஜிபி. கார்டுக்குள் உள்ள கட்டுப்படுத்தி 'என்னிடம் 256 இருக்கு' என்று கேமராவிடம் பொய் சொல்லும், கேமரா நம்பும். எங்கள் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதியது. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 32 ஜிபி எத்தனை நிமிடத்தில் தீரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பேங்கில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு வந்தால் ஒவ்வொரு தாளையும் தடவிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அப்படிப்பட்டவன் இந்தக் கார்டைத் தடவிப் பார்க்கவில்லை.

கார்டுக்கும் அந்தச் சோதனை உண்டு, காசில்லாமலே. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3'. கார்டின் கடைசி மூலை வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, சரியா என்று சொல்லும். மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். புதுக் கார்டு, பெரிய கடையில் பில்லோடு வாங்கிய கார்டு, இரவல் கார்டு, எதுவானாலும் இந்தச் சோதனை முடியாமல் ஒரு மனுசரின் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அடுத்தது வேகம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். நமக்கு வேண்டியது, விடாமல் எழுதும்போது எதற்குக் கீழே இறங்காது என்பது. அது மூலையில் சின்னதாக இருக்கும். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், வி60 என்றால் 60, வி90 என்றால் 90. நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிற பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமரா, ரா முறையில் 8:1 சுருக்கத்தில் 30 சட்டகத்துக்கு நொடிக்குச் சுமார் 50 மெகாபைட் கேட்கும். மணிக்கு 180 ஜிபி. அதில் வி30 போட்டால் நடுவில் நின்றுவிடும், அல்லது சட்டகம் விழும். காசு இல்லையென்றால் 12:1 வையுங்கள், சுமை சுமார் 34க்கு இறங்கும், வி60 நிம்மதியாகத் தாங்கும். தயாரித்த கம்பெனியே எந்தக் கார்டு ஒத்துவரும் என்று பட்டியல் வெளியிடுகிறது, அதற்கு வெளியே போகாதீர்கள். நம் படத்துக்கு ரா அவசியமா என்பது தனிச்சண்டை. எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

யூஎஸ்பி வழியாக எஸ்எஸ்டி மாட்டலாமே என்று காலையில் ஒரு தங்கச்சி கேட்டார். உட்கார்ந்து பேசும் நேர்காணலுக்குத் தாராளமாக மாட்டலாம், ஜிபி கணக்கில் மலிவும்கூட. ஊர்வலத்தில், தள்ளுமுள்ளில் வேண்டாம். யாரோ ஒருத்தர் கை பட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டால் பதிவு அத்தோடு போச்சு. அங்கே கேமராவுக்குள் மூடிக் கிடக்கிற கார்டுதான். அதுவும் ஒரே பெரிய கார்டாக இல்லாமல் சிறியதாக நாலு. முக்கியமானது பதிவானதும் கழற்றி வேறொருவர் பையில் போட்டுவிடலாம். கேமராவை யார் பிடுங்கினாலும் எல்லாம் போகாது. இன்னொன்று, சாட்சியம் எடுக்கிற நாளுக்கு அழகான கேமராவைவிட ரெண்டு கார்டிலும் ஒரே சமயத்தில் எழுதுகிற கேமரா மேல். பேங்க் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேரிடம் இருக்கும். அது சும்மா சடங்கு இல்லை.

டேப் காலத்தில் ஒரு வசதி இருந்தது, அதை நாம் கவனிக்காமல் இழந்தோம். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து சோனியின் டேப் ஆலை நின்றது, உலகம் முழுக்க உயர்தர டேப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்கப்புறம் எல்லோரும் வேகமாகக் கார்டுக்கு மாறினார்கள். டேப்பில் எடுத்தால் அந்த டேப்பே மூலம், அலமாரியில் கிடக்கும். 1999 ஜூலை 23இல் நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டி, 17 பேர் செத்தார்கள். அன்று கேமராக்களில் பதிவானதை வைத்துத்தான் ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' நம்மிடம் பேசுகிறது. கார்டிலோ, மறுநாள் அடுத்த ஷூட்டிங்குக்காக மூலத்தை நாமே அழிக்கிறோம்.

மூலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23, திருச்செங்கோடு மலைக்கோயில். அவரை அங்கிருந்து கொண்டுபோனது. மறுநாள் தண்டவாளத்தில் உடல். முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தது. கோயில் சிசிடிவி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தி, இருவருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தது. பொதுவாக இந்த சிசிடிவி பெட்டிகள் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். நாள் தவறினால் சாட்சி தானாகவே அழியும். நம் ஊர்களில் ஏதாவது நடந்தால் முதலில் ஓட வேண்டியது அந்தப் பெட்டியை நோக்கி.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. நகல் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும், அதில் பைலின் 'ஹாஷ்' எண்ணையும் எழுத வேண்டும். பதிவு செய்தவரே மூலத்தைக் கொண்டுவந்து கூண்டில் ஏறினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரே பதிவு பல பைல்களில் சேமிக்கப்பட்டால் ஒவ்வொன்றுமே முதன்மைச் சான்று என்று புதுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு விளக்கம் சொல்கிறது. ரெண்டு கார்டு என்று நான் அடித்துக்கொள்வது இதற்கும் சேர்த்துத்தான். நான் வக்கீல் இல்லை, நம் வழக்கறிஞர் தோழர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வன்கொடுமை பதிவான கார்டை அழிக்காதீர்கள். கவரில் போட்டுத் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தக் கார்டின் விலை செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

எஸ்டி கார்டின் ஓரத்தில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும், கீழே தள்ளினால் எழுத முடியாது. பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா இது நம்மூர்ப் பூட்டு இல்லீங்க, ரீடர் மதித்தால்தான் பூட்டு. தள்ளி வையுங்கள், நம்பிவிடாதீர்கள். அதேபோல் கார்டை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது. உள்ளே இருப்பது மின்னூட்டம், மெல்லக் கசியும்.

நகல் எடுக்கும்போது 'கட்' பண்ணி ஒட்டவே கூடாது. டாவின்சி ரிசால்வ் காசில்லாப் பதிப்பிலேயே 'குளோன்' என்று ஒரு கருவி இருக்கிறது, மூலத்தையும் நகலையும் எண் போட்டு ஒப்பிட்டுச் சொல்லும். ரெண்டு ஹார்டு டிஸ்க், ரெண்டு வீடு. ஒப்பிட்டு முடிக்காமல் தூங்கக் கூடாது. சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் எங்களை யாரும் வீட்டுக்கு விடுவதில்லை. பதிவு பாதியில் அறுந்து பைல் திறக்கவில்லையென்றால் பதறிப்போய் அதே கார்டில் மறுபடி எழுதாதீர்கள். எழுதாமல் வைத்தால் மீட்க வழி உண்டு.

மத்தியானம் உங்கள் கார்டுகளை எல்லாம் இந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள், லேப்டாப்பில் சோதனை போடுவோம். அந்தக் கள்ளக் கார்டையும் எடுத்து வந்திருக்கிறேன், சுற்றுக்கு விடுகிறேன். எழுத்து, நிறம், பின்பக்கம் எல்லாம் பாருங்கள், நல்ல கார்டு மாதிரியேதான் இருக்கும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் நாற்பது நிமிடம் இருக்கிறது.